ஈரச் சுவரில் நரி வேட்டை

ஐப்பசி 5, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். துவைத்தது எதுவும் காயவில்லை. மகள் செல்வியின் கவுன்கள் அடுப்புக்கு மேலே கயிற்றில். எல்லாம் புகை நாற்றம்.

தீபாவளிக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வரும் என்று பார்த்தால், வந்தது கடதாசி. சுவரில் ஒட்டுகிற கடதாசி. வெள்ளைக்காரத் துரை தேயிலைத் தோட்டத்தை விட்டு சீமைக்கே போகிறாராம். பங்களாவில் மிஞ்சிக் கிடந்த சுருள்களைப் பெரியத்தானிடம் தள்ளிவிட்டிருக்கிறார். பெரியத்தான் என் வீட்டுக்காரரின் அண்ணன். இனி இதில் பெ.அ. முழுதாக எழுத மனம் வரவில்லை.

இரண்டு ஆட்கள் தலையில் சுமந்து வந்தார்கள். பெ.அ. முன்னால், சாமி புறப்பாட்டுக்கு வழிவிடுகிறவர் மாதிரி கையை வீசிக்கொண்டு. முதல் சுருளைப் பிரித்ததும் உள்ளேயிருந்து எலிப் புழுக்கை கொட்டியது. கூடவே ஒரு காய்ந்த எலிக்குஞ்சு. வால் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதை விரலால் சுண்டிவிட்டு, "சீமைச் சரக்கு" என்றார்.

படம்: சிவப்புக் கோட்டு வெள்ளைக்காரர்கள், குதிரைகள், நாய்கள். எல்லாரும் சேர்ந்து ஒற்றை நரியைத் துரத்துகிறார்கள். கெஜக் கணக்கில் இதே படம்.

அக்காவுக்கு (பெ.அ.வின் சம்சாரம்) ஒரே பூரிப்பு. "நரி முகத்துல முழிச்சா நல்லதுதானே தங்கச்சி. இனி தெனம் நமக்கு நரி முகந்தான்." நரியின் முகம் எங்கே தெரிகிறது? வால்தான் தெரிகிறது.

ஐப்பசி 6, செவ்வாய்

மழை. செல்விக்கு மறுபடி இழுப்பு. நெஞ்சில் கையை வைத்தால் உள்ளே ஏதோ கரகரக்கிறது.

எங்கள் அறைச் சுவர் இன்றைய நிலவரம்: தரையிலிருந்து என் இடுப்பு உயரத்துக்கு ஈரம். கறுப்புப் பூஞ்சணம், கீழே பச்சை. மூலையில் நத்தை இரண்டு. பாயைத் தூக்கினால் அடியில் வெள்ளையாக முடி முளைத்த மாதிரி ஏதோ. தொட்டுவிட்டு மூன்று தரம் கை கழுவினேன்.

மாமனார் இந்த வீட்டை மேட்டை வெட்டி அதை ஒட்டியே கட்டிவிட்டார். மேட்டுத் தண்ணீர் முழுவதும் எங்கள் அறைச் சுவரில்தான் வந்து நிற்கிறது. பின்னால் தண்ணீர் ஓட ஒரு கான் வெட்டிவிட்டால் வடிந்து போகும். துரையின் தேயிலைக்கு மலை மலையாகக் கான் வெட்டுவித்துப் பெரிய கங்காணி என்று பேர் வாங்கிய மனிதர், தன் வீட்டுக்கு ஒரு முழம் வெட்டவில்லை.

ஆடியிலிருந்து கேட்கிறேன். கேட்கிறேன் என்றால் அக்கா வழியாக. பெ.அ.வோடு நான் நேரில் பேசக்கூடாது, அவரும் பேசமாட்டார். இந்த வீட்டு வழக்கம் அது. கல்யாணமாகி வந்த நாள் முதல் ஒரு வார்த்தை முகம் பார்த்துப் பேசியதில்லை. நான் அக்காவிடம் சொல்ல, அக்கா அவரிடம் சொல்ல, பதில் அதே வழியில் திரும்பும். போகும்போது "பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது" என்று போவது, வரும்போது "பார்க்கலாம்" என்று வரும்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் டொக்டர் தெளிவாகச் சொன்னார், ஈரச் சுவர் பக்கம் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள் என்று. மற்ற அறைகளில் இடம் ஏது? முன் அறை காலியாகத்தான் கிடக்கிறது. அது வருகிறவர்களுக்காம். யாரும் வருவதில்லை.

ஐப்பசி 8, வியாழன்

இப்போது வருகிறார்கள். கண்டியிலிருந்து, ராஜத்தைப் பெண் பார்க்க. ராஜம் பெ.அ.வின் ஒரே மகள். நல்ல பிள்ளை. கண்டியில் கடை உள்ள குடும்பம், பையன் கடையைப் பார்க்கிறான். அடுத்த புதன். ஆண்கள் முன் அறையில், பெண்கள் எங்கள் அறையில் உட்காருவார்களாம். அதனால் இரண்டு அறைக்கும் கடதாசி.

நான் (அக்கா வழியாக): முதலில் கான்.
பெ.அ. (அதே வழியாக): கான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும், யார் பார்க்கப்போகிறார்கள்?

கொட்டகலை கடைவீதியிலிருந்து ஆசாரி வந்தார். பலகை வேலை தெரிந்தவர், கடதாசி இதுதான் முதல் தடவை. கோதுமை மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்தார். பச்சையாக ஒரு கூழ். ஒட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கடதாசி பொத்தென்று விழுந்தது, பின்பக்கம் வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு முழுவதும் பாளம் பாளமாக. மிஞ்சிய கூழில் சாயங்காலம் கரப்பான்கள். மயில்துத்தத்தைக் குடித்துவிட்டு நன்றாகத்தான் ஓடின.

ஐப்பசி 10, சனி

சீ. எழுதவே கை கூசுகிறது.

ஆசாரி இன்று வேறு பசை கொண்டுவந்தார். வஜ்ரம். கருப்பட்டி மாதிரி கட்டி கட்டியாக. ஊறவைத்து அடுப்பில் ஏற்றியதும் ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள். யாரைப் பார்க்கச் சொல்கிறேன், நான்தானே படிக்கப்போகிறேன். செத்த எதையோ தோண்டி எடுத்து வேகவைத்த நாற்றம். இதை ஏற்றியிருந்த பாத்திரம், செல்விக்குப் பால் காய்ச்சும் சட்டி.

இது என்ன என்று கேட்டேன். ஆசாரி சாதாரணமாகச் சொன்னார். "தோலுங்க. மாட்டுத் தோலு, கொளம்பு, எலும்பு. வேற எதுலங்க வஜ்ரம் பண்ணுவாங்க?"

பெ.அ. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்குத் தெரிந்தால் வீட்டுக்குள் விடமாட்டாள். மாட்டுக்கறி தின்றவன் நிழல் பட்டாலே தலை முழுகுகிறவள். நான் வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்குச் சொல்ல வேண்டும், ஆனால் எனக்குச் சொல்ல அவருக்கு இருக்கிற ஒரே வழி அக்கா. தவித்துப் போனார். கடைசியில் நிலைக்கதவைப் பார்த்து, "இதை உள்ள யாருகிட்டயும் பேச வேணாம்" என்றார். கதவு சரி என்றது போல.

ஒட்டி முடித்தார்கள். எங்கள் அறையில் பூஞ்சணத்தைத் துடைக்கவும் இல்லை. அப்படியே மேலே. ஒரு பட்டை தலைகீழ்: நாய்கள் வானத்தில் ஓடுகின்றன. இன்னொரு இடத்தில் குதிரையின் பின்பக்கம் முடிகிற இடத்தில் சிவப்புக் கோட்டுத் துரையின் முகம் தொடங்குகிறது. அது மட்டும் பொருத்தம்.

சட்டியை எறிந்தேன்.

ஐப்பசி 11, ஞாயிறு

வட்டகொடையிலிருந்து இவர் வந்தார். அங்கே தேயிலை பெக்டரியில் வேலை, ஞாயிறு மட்டும் வீடு. சுவரைத் தட்டிப் பார்த்து "பரவாயில்லையே" என்றார். பரவாயில்லையாம். கானைப் பற்றி அண்ணனிடம் பேசச் சொன்னேன். நல்ல காரியம் முடியட்டும் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் தட்டில் இரண்டாம் தரம் சோறு வைக்கவில்லை.

இவர் போன பிறகு அக்கா தயங்கித் தயங்கி வந்தாள். பெ.அ. சொல்லியனுப்பியது: புதன்கிழமை செல்வியைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் யார் வீட்டிலாவது விட்டுவிட வேண்டும். இருமல் கேட்டால் நெஞ்சு நோய்க் குடும்பம் என்று நினைத்துவிடுவார்களாம். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவளும் ஒருத்தியைப் பெற்றவள், ராஜத்துக்கு இது மூன்றாவது இடம். அவள் மேல் கோபப்பட முடியவில்லை, அதுவும் எரிச்சல்.

பிள்ளையை விரட்டமாட்டேன், அடுப்படியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஐப்பசி 13, செவ்வாய்

எங்கள் அறையில் கடதாசி உப்பிவிட்டது. அழுத்தினால் உள்ளே சளசள.

நாய் உள்ளே வந்து சுவரை நக்கிக்கொண்டே நின்றது. அடித்தாலும் போகவில்லை. அக்கா பார்த்துவிட்டு, இது ஏன் இப்படிச் செய்கிறது என்றாள். கதவுக்குச் சொன்னதை நான் காப்பாற்ற வேண்டுமா? சொல்லிவிட்டேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகளைப் பெண் பார்க்கிற அறையில் நாலு சுவரிலும் மாட்டுத் தோல். புருஷனிடம் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போனாள்.

ஐப்பசி 14, புதன்

முழுவதும் எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் அக்கா தீட்டுக் கழித்தாள். கோமியத்தில் மஞ்சளைக் கரைத்து, மாவிலையால் இரண்டு அறைச் சுவரிலும் மேலிருந்து கீழே விளாசிவிட்டாள். மாட்டுத் தோலின் தீட்டுக்கு மாட்டு மூத்திரம். வெள்ளைக்காரர்கள், குதிரை, நரி எல்லாருக்கும் மஞ்சள் காமாலை. பெ.அ. குளித்துவிட்டு வந்து பார்த்துத் துண்டை உருவினார். துடைக்கப் போனால் கடதாசி கையோடு வருகிறது. விட்டுவிட்டார்கள். குளிருக்கு இரண்டு அறையிலும் கரி அள்ளிக் கணப்பு வைத்தார்கள். நாற்றத்துக்குச் சாம்பிராணி.

பத்து மணி பஸ்ஸில் வந்தார்கள். பையன், அப்பா, அம்மா, கூட இரண்டு பெண்கள். பையனின் அம்மா கட்டையான, நிதானமான பெண்மணி. எங்கள் அறையில்தான் உட்கார்ந்தார்கள். மூக்கை உறிஞ்சியது தெரிந்தது.

ராஜம் வந்து கும்பிட்டாள். நீலப் புடவை. அந்த ஒரு நிமிடம் நன்றாக இருந்தது.

பிறகு கணப்புச் சூடும் கோமிய ஈரமும் சேர்ந்து பசை இளகிவிட்டது. சத்தமே இல்லை. அந்த அம்மாளுக்குப் பின்னால் கடதாசி மேலிருந்து உரிந்து, கறுப்புத் தண்ணீரோடு சரிந்து அவர்கள் தோளில் விழுந்தது. உள்ளே சுவர் முழுவதும் பூஞ்சணம். நத்தைகள். கரப்பான்கள் கிளம்பி ராஜத்தின் புடவை வரைக்கும். கூட வந்த பெண்ணொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அவள் ஓடுவதைப் பார்த்து பெ.அ. நிலையருகே வந்துவிட்டார். அந்த அம்மாள் தோளைத் துடைத்துக்கொண்டு சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். "இந்த ரூம்ல யாரு படுக்கிறது?"

பெ.அ. முந்திக்கொண்டார். "யாரும் படுக்கிறதில்லீங்க. சாமான் போட்டு வைக்கிற அறை."

அடுப்படியில் செல்வி இருமிக்கொண்டிருந்தாள். நிற்காத இருமல். எனக்கு ராஜத்தின் முகம் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்காக வாயை மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் என் பிள்ளை சாமானா?

"இல்லீங்கம்மா, நாங்கதான் படுக்கிறோம். இருமுறது என் புள்ளதான். இந்தச் சுவத்தோரந்தான் அவ பாய்."

பெ.அ. சொன்னதை மறுத்து நான் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. அவர் திகைத்தது நான் சொன்னதற்கா, சொன்னதே நானா என்றா, தெரியவில்லை.

சாப்பாடு தயாராக இருந்தது. வாழையிலை, வடை, பாயசம். சம்மதம் என்றால் கை நனைப்பார்கள். நனைக்கவில்லை. தேத்தண்ணீர்கூட வேண்டாம் என்று பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கே போய்விட்டார்கள்.

ஐப்பசி 15, வியாழன்

யாரும் என்னோடு பேசவில்லை. பாயசம் புளித்துவிட்டது, கொட்டினேன். ராஜம் அடுப்படிக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள், சித்தி என்றுகூடக் கூப்பிடவில்லை. அது வலிக்கிறது. சொன்னதற்கு வருத்தமில்லை. இரண்டும் உண்மை.

ஐப்பசி 17, சனி

கண்டியிலிருந்து ஆள் மூலம் சேதி. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். ஆனால் வீட்டில் நெஞ்சு நோய் உண்டா என்று யோசனையாம். கார்த்திகை பிறந்ததும் மறுபடி வந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார்களாம். ஆக, இன்னும் முடிந்து போகவில்லை. ராஜத்துக்காக நிம்மதி.

இதற்கு பெ.அ. செய்தது என்ன? ஆசாரியை வரவழைத்தார். மிச்சச் சுருள். மறுபடி வஜ்ரம். இந்தத் தரம் விழாமலிருக்க ஓரம் முழுக்க ஆணி. அதே ஈரத்தின் மேல், அதே பூஞ்சணத்தின் மேல். இவரும் லீவு போட்டு வந்திருக்கிறார், அண்ணன் கூப்பிட்டாராம். பசை வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என் புருஷன். அவர் பிள்ளை படுக்கிற இடத்தில். அந்த வாளியைப் பிடித்த கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பாய், தலையணை, கம்பளி, செல்வியின் மருந்துப் போத்தல். எல்லாவற்றையும் அள்ளி முன் அறைக்குக் கொண்டுபோனேன். பெரிய நாற்காலிகளைத் தள்ளி நடுவில் படுக்கை போட்டேன்.

ஐப்பசி 18, ஞாயிறு

வெயில். நம்ப முடியவில்லை. செல்வி தூக்கத்தில் ஒரு தடவைகூட இருமவில்லை.

காலையில் பெ.அ. முன் அறை வாசலுக்கு வந்தார். வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு அக்காவிடம், "சின்னவளை எந்திரிக்கச் சொல்லு. ஆளுங்க வந்து போற எடம்" என்றார். அக்கா என் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், உள்ளே போய்விட்டாள். நடுவில் ஆள் இல்லை.

அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "பின்னால கான் வெட்டி, சுவர் காஞ்சதும் எந்திரிக்கிறோம் அத்தான். அவங்க மறுபடி வாறப்போ இங்கதான் படுத்திருப்போம்."

நிலைக்கதவைப் பார்த்தார். கதவு என்ன செய்யும். போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ராஜம் வந்தாள். தன் தலையணையைக் கொண்டுவந்து செல்விக்கு அண்டக் கொடுத்துவிட்டு, "நிமித்திப் படுக்க வைங்க சித்தி" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

இப்போது வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். இவர். பஸ்ஸுக்குப் போட்ட சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பெரிய கங்காணி மகனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை. வெட்டுகிற மண்ணை மேட்டுப் பக்கமே போடுகிறார், ஒரு மழைக்கு அத்தனையும் திரும்ப உள்ளே வரும். பள்ளத்துப் பக்கம் போட வேண்டும். போய்ச் சொல்ல வேண்டும். செல்வி என் கையைப் பிடித்தபடி தூங்குகிறாள்.