நாற்காலிக்கு அளவு

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

போனில் நீ ‘சரிக்கா, சரிக்கா’ என்று வைத்துவிடுகிறாய். அதனால் கடிதம்.

முதுகுவலி போகவில்லை. நடுமுதுகில், கை எட்டாத இடத்தில். முப்பது வருஷம் தையல் மெஷினில் குனிந்த முதுகு, வலிக்காமல் என்ன செய்யும்? வயிறும் கொஞ்சம் மந்தம். நாலு வாய் சாப்பிட்டால் உப்பிக்கொள்கிறது. அதை விடு. ஊருக்கெல்லாம் நாற்காலி செய்கிறாய். கூடப்பிறந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 11

அக்கா,

குத்திக்காட்டாதே, செய்கிறேன். முதுகு நன்றாகப் பின்னால் சாய வேண்டும். அதுதான் மருந்து. அளவு அனுப்பு: முழங்கால் உயரம், தோள் உயரம், இடுப்புச் சுற்று.

தம்பி

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் பதினேழு அங்குலம். உட்கார்ந்தால் தோள்வரை இருபத்திரண்டு. இடுப்பு முப்பத்தாறு.

ஒன்று சொல்ல மறந்தேன். பின்னால் சாய்ந்தால்தான் வலி அதிகம். சாப்பிட்டபின் இன்னும் மோசம். மெஷின்மேல் குனிந்து தலை வைத்தால் அடங்குகிறது. கடையில் பட்டன் தைக்கும் பெண் சிரிக்கிறாள். ‘என்னக்கா, மெஷினைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுத் தூங்குறீங்க?’

நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

குனிந்து குனிந்துதான் இந்த வலியே வந்தது. வலித்தாலும் சாய்ந்து பழகு. பலகை வந்துவிட்டது. இடுப்பளவை மட்டும் மறுபடி பார்த்துச் சொல். அறுத்தபின் ஒட்ட முடியாது.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

முப்பத்துநான்கு.

சாப்பிடு.

அக்கா

மே 3

அக்கா,

முப்பத்தாறா, முப்பத்துநான்கா? டேப்பை இழுத்துப் பிடித்தாயா? நீயே இப்படிச் சொதப்பினால் எப்படி? பலகை சுவரோரம் சும்மா நிற்கிறது. நிதானமாக எடு.

தம்பி

மே 21

தம்பிக்கு,

நிதானமாகத்தான் எடுத்தேன். மூன்று முறை. முப்பத்தொன்று.

டேப் நைந்திருக்கும் என்று புதிது வாங்கினேன். அதுவும் அதையேதான் சொல்கிறது. என் துணிகளை இரண்டாம் முறை பிடித்துத் தைத்துவிட்டேன்.

வலித்தாலும் சாய்ந்துதான் உட்காருகிறேன். நீ சொன்னாயே.

அக்கா

ஜூன் 6

அக்கா,

உன் அளவை நம்பி இருந்தால் வேலை நடக்காது. நடுவாக முப்பத்துநான்கு என்று வைத்து அறுத்துவிட்டேன். அடுத்த வாரம் நாற்காலி வந்து சேரும்.

தம்பி

ஜூன் 24

அன்புத் தம்பிக்கு,

நாற்காலி அழகு. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் தடவிப் பார்க்கிறார்கள்.

பட்டன் பெண் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் என் முதுகைத் தொடவேயில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, ‘எவ்வளவு நாளா சரியாச் சாப்பிடலம்மா?’ என்றார். அப்புறம் படம் எடுத்தார்கள். கணையத்தில் கட்டியாம். வயிற்றுக்குப் பின்னால், முதுகை ஒட்டி இருக்கிறதாம் அது. ‘அங்க வர்ற வலி முதுகுலயும் தெரியும். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?’ என்று கேட்டார்.

நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நானும் முதுகு என்றுதானே நினைத்தேன்.

நாற்காலியில் இரண்டு பக்கமும் இடம் கிடக்கிறது. இப்போது பட்டன் பெண் உட்காருகிறாள்.

அக்கா

ஜூலை 1

அக்கா,

உன் கடிதங்களை வரிசையாக வைத்து வாசித்தேன். முதல் கடிதத்திலேயே இருக்கிறது, ‘வயிறும் கொஞ்சம் மந்தம்.’ அதன் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு, பென்சிலில்: பலகை, ஒன்றரை அங்குலம்.

என் கல்யாணச் சட்டையை டேப் இல்லாமலே தைத்தாய். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாய், அவ்வளவுதான். அரை அங்குலம் பிசகவில்லை. உனக்கு நான் டேப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஒரு சின்ன மேசை செய்திருக்கிறேன். கட்டிலில் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்து தலை வைத்துக்கொள்ளலாம். விளிம்பெல்லாம் இழைத்துவிட்டேன், கன்னத்தில் குத்தாது. அளவு தேவைப்படவில்லை. வியாழக்கிழமை நானே கொண்டுவருகிறேன்.

அக்கா, சாப்பிட்டாயா?

தம்பி