நீ விளாவித் தந்த வெந்நீர்

குளியலறையில் ஈரச் சிமெண்ட் வாடை இன்னும் போகவில்லை. கோச்சடையில் நாம் இந்த வீட்டைக் கட்டியபோது, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இதே சுவருக்கு நீ தண்ணீர் விட்டது ஞாபகம் வருகிறது. நேற்று அதை உடைத்துப் புது வால்வு ஒன்றைப் பதித்தார்கள். கெய்சர் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் அதுவே கலந்து, நாம் திருகி வைத்த சூட்டில் ஷவருக்கு விடுமாம். சென்னையிலிருந்து மகள் வாங்கி வந்தது. "அம்மாவும் இல்ல, இனி யாருப்பா உங்களுக்கு விளாவிக் குடுப்பா?" என்றாள்.

சர்க்கரையில் என் பாதங்கள் மரத்துப்போனதிலிருந்து நீ முழங்கையை முக்கிப் பார்க்காத வாளியை நான் தொடக்கூடாது என்பது சட்டம். "கால்ல சுடுதண்ணிய ஊத்துன மாதிரிப் பறக்காதீக" என்பாய். ஒருநாள் நிஜமாகவே ஊற்றிக்கொண்டேன். வெந்நீரைப் பிடித்து வைத்துவிட்டு, சிலிண்டர்காரர் கூப்பிட்டாரென்று நீ வாசலுக்குப் போயிருந்தாய். "இன்னும் விளாவல, செத்த இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் எப்போது இருந்தேன்? வலி தெரியவே இல்லை. கொப்புளத்தைப் பார்த்து அலறியது நீதான்.

அன்று மாலை மகள் போனில் கேட்டபோது, "உங்கம்மா சூடாக் குடுத்துட்டா" என்று கூசாமல் சொன்னேன். பக்கத்தில் பஞ்சும் மருந்துமாக உட்கார்ந்திருந்த நீ போனை வாங்கி, "ஆமாடி, கவனிக்காம விட்டுட்டேன்" என்றாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "உங்கள ஏசுனா நீங்க சாப்பிடாமப் படுத்துக்கிருவீக. என்னைய ஏசுனா நான் சாப்பிட்டுத்தான் படுப்பேன்" என்று சிரித்தாய். வெட்கம் கெட்டவன், நானும் சிரித்தேன்.

நேற்று வால்வு மாட்டியவர் அலங்காநல்லூர்க்காரர். "எதுக்குக்கா சூட்ட முப்பத்தெட்டு டிகிரிலயே நிறுத்தி வைக்கச் சொல்றீங்க?" என்று மகளிடம் கேட்டார்.

"எங்கம்மா ஒருக்கா பாக்காம அப்பா கால வேக வச்சுட்டாங்கண்ணே."

வெளியாள் முன்னால் உன்னை அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

"அவ இல்லத்தா. இருக்கத்தான் சொன்னா. நான்தான் கேக்காம எடுத்து ஊத்துனேன்."

அந்த மனிதர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போய்விட்டார். மகள் குளியலறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு நாள் அம்மாகிட்டப் பேசலப்பா நான். கூப்பிடக் கூப்பிட எடுக்கல."

எனக்கு அது தெரியாது. அந்த நாட்களில் மடியில் போனையும் என் காலையும் வைத்துக்கொண்டு, "அவளுக்கு ஆபீஸ்ல வேல போல" என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். நான் நம்பிவிட்டு, கட்டு இறுக்கமாக இருக்கிறதென்று உன்னையே கடிந்துகொண்டேன்.

இன்று காலை குளித்தேன். தண்ணீர் பதமாகத்தான் வருகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும், "வாங்க, பதமா இருக்கு" என்று நீ கூப்பிடுவாயென்று துண்டோடு வெகுநேரம் நின்றேன். அழுகை வந்தது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க, கால் வெந்த பிறகு இரண்டு வருடம் இருந்தது, கேட்கவில்லை. மகளிடம் நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆனால் அவள் குரலுக்காக நீ காத்திருந்த அந்த நாலு நாளும் என்னிடமே இருக்கின்றன. இறக்கி வைக்க நீ இல்லை.