சாக்கு யார் கையில்

குவைத்
12.8.2001

அன்புள்ள தங்கை தேவசேனாவுக்கு அண்ணன் எழுதுவது. இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. சித்தூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன் பண்ணினேன். யமுனா பேசினாள். "நைனா, ஸ்கூல்ல குப்ப பொறுக்கிக்கினு இருக்கசொல்ல பாட்டிலு கையக் கிழிச்சிடுச்சி. அத்ததான் கட்டுப் போட்டாங்க" என்றாள். உன் அண்ணி வள்ளி போனைப் பிடுங்கி, அது ஏதோ பாடமாம் என்றாள். மூன்றாம் வகுப்பில் குப்பை என்ன பாடம்? நீ டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடம் என்றுதானே என் மகளை அங்கே சேர்த்தேன்?

நம் நைனாவை ஊரில் எதற்குக் கூப்பிடுவார்கள்? செத்த மாட்டை இழுக்க, கால்வாய் வார. நான் இங்கே மஞ்சள் சட்டை போட்டு ரோடு பெருக்குகிறேன். இது என்னோடு போகட்டும் என்றுதான் விமானம் ஏறினேன்.

ஒன்று மட்டும் எழுது. குப்பையைத் தொடுகிற பிள்ளைகள் யார் யார்? ஊர்ப் பிள்ளைகளும் தொடுகிறார்களா, நம் காலனிப் பிள்ளைகள் மட்டுமா?

உன் அண்ணன்
கோவர்த்தனன்


சித்தூர்
30.8.2001

அன்புள்ள அண்ணாவுக்கு தேவசேனா வணக்கத்துடன் எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்த கோபத்தில் இரண்டு நாள் பேனாவையே எடுக்கவில்லை. என்னையே சந்தேகப்படுகிறாயா? நானும் அந்தக் காலனியில் பிறந்தவள்தானே?

யமுனாவின் கை ஆறிவிட்டது. இனிமேல் கண்ணாடியைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பாடம் என்ன என்று கேட்டாயே. நம் சின்ன வயதில் வீட்டுக் குப்பை என்றால் சாம்பலும் காய்த் தோலும்தான். இப்போது வந்து பார். ஷாம்பு பாக்கெட், பால் கவர், பாக்குப் பொட்டலம், தண்ணீர் பாக்கெட் எல்லாம் சேர்ந்து கால்வாயை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பிள்ளைகள் மக்குவதையும் மக்காததையும் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். மக்குவதைக் குழியில் போட்டு, அந்த எருவில் கீரை விதைத்திருக்கிறோம். பிளாஸ்டிக்கைப் பழைய சாமான் கடைக்காரர் எடுத்துப் போகிறார். உன் மகள் இப்போதெல்லாம் துணிப்பை இல்லாமல் கடைக்குப் போவதில்லை. கடைக்காரர் கவர் நீட்டினால், "வோணாம்ணா, இது எத்தினி வருசமானாலும் மக்காது" என்கிறாளாம்.

எல்லாப் பிள்ளைகளும்தான் செய்கிறார்கள். போன வாரம் திருப்பதிக்குக் கூட்டிப்போய், அலிபிரியில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் பிளாஸ்டிக் பொறுக்கினோம். மண்டல அதிகாரி வந்து பாராட்டினார். அப்போது எடுத்த போட்டோவை இதனுடன் வைத்திருக்கிறேன். யமுனா சிரிப்பதைப் பார்த்து நீயும் கொஞ்சம் சிரி.

உன் தங்கை
தேவசேனா


குவைத்
17.9.2001

தேவசேனா,

போட்டோ வந்தது. யமுனாவைப் பார்த்து முதலில் சிரித்தேன். அப்புறம் மற்றவர்களைப் பார்த்தேன்.

முன்னால் பேனர் பிடித்திருப்பது அரிசி மில்காரர் மகள் பத்மாவதி. அவளை ஒட்டி அட்டை பிடித்து நிற்பதெல்லாம் ஊர்ப் பிள்ளைகள். ஒரு சட்டையிலும் அழுக்கில்லை. ஓரத்தில் சாக்குப் பிடித்திருப்பது யமுனா, பழனி மகன், கங்கம்மா பேரன். மூன்று பேரும் காலனி. மூன்று பேர் சட்டையும் முன்பக்கம் கறுத்திருக்கிறது.

இங்கேயும் போட்டோ எடுப்பார்கள். மேனேஜர் துடைப்பத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். எடுத்து முடித்ததும் துடைப்பம் என் கைக்குத் திரும்பி வரும். அதனால் எனக்குப் போட்டோ பார்க்கத் தெரியும்.

ஹெட்மாஸ்டர் சொல்லிச் செய்தாயா, நீயே செய்தாயா? மறைக்காமல் எழுது.

கோவர்த்தனன்


சித்தூர்
20.10.2001

அண்ணா,

நானேதான் செய்தேன். யாரும் சொல்லவில்லை.

எல்லாருக்கும் முறை போட்டுத்தான் பாடத்தை ஆரம்பித்தேன். மறுநாளே பத்மாவதியின் அம்மா வந்து நின்றாள். "கண்டவங்க ஊட்டுக் குப்பயத் தொடறதுக்கா எங்க பொண்ண அனுப்பறோம்? நாளைக்கே கான்வென்ட் வேன்ல ஏத்திடுவோம்" என்று கத்தினாள். கூட நாலைந்து பேர். அந்த வேன் இப்போது தெரு வரைக்கும் வருகிறது. பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்களே என்று பயந்துவிட்டேன். காலனியிலிருந்து யாரும் வந்து கத்தவில்லை. யமுனா நம் பிள்ளை, சொன்னால் செய்வாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். என் கை தானாகவே சாக்கை அவளிடம் நீட்டியது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உன் கடிதம் வந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டேன். இனி ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து தானே பிரிக்க வேண்டும் என்றேன். மில்காரர் எழுந்து, "டீச்சரம்மா, யார்கிட்ட பேசிக்கினு கீறன்னு தெரிஞ்சி பேசு" என்றார். "உங்க ஊட்டுக் குப்பதான சார். அடுத்தவங்களுது இல்லயே" என்றேன்.

ஆறு பிள்ளைகள் வேனில் ஏறிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பத்மாவதி மட்டும் அழுது அடம்பிடித்து இங்கேயே நின்றுவிட்டாள்.

யமுனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு அத்த?" என்றாள். அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

தேவசேனா


குவைத்
2.12.2001

அன்புள்ள தேவசேனாவுக்கு,

இத்தனை நாள் பதில் எழுத மனம் வரவில்லை. யமுனாவையும் அந்த வேனில் ஏற்றிவிடு என்று வள்ளியிடம் சொன்னேன். யமுனா போனை வாங்கிக்கொண்டு, "நான் போவமாட்டன் நைனா. பத்மாவதிக்கு ஒண்ணுமே தெரியல. முட்ட ஓட்டத் தூக்கி பிளாஸ்டிக்ல போடறா. நான்தான் கத்துக் குடுக்கறன்" என்றாள். "நீ தொடறியா?" என்று கேட்டேன். "அவ ஊட்டுக் குப்பய நான் எதுக்குத் தொடணும்? வாயாலதான் சொல்றன்" என்றாள். போன் பூத்தில் நின்றபடியே சிரித்துவிட்டேன்.

ஆனாலும் சந்தேகம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். மாசியில் லீவு கிடைக்கும். ஒருநாள் சொல்லாமல் பள்ளிக்கு வந்து ஜன்னல் ஓரம் நின்று பார்ப்பேன். உள்ளே வந்து உன்னைக் கூப்பிட்டால் அன்றைக்கு உன் வீட்டில்தான் சாப்பாடு. மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. கூப்பிடாமல் திரும்பிவிட்டால், நான் வந்ததே உனக்குத் தெரியாது.

அண்ணன்
கோவர்த்தனன்