சட்டைப் பையில் இரண்டு பேட்டரி

ஜூலை 8, செவ்வாய்

கனிக்குட்டி, காலையிலிருந்து ஒரே காற்று. கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டு ஓட்டில். உன் காலேஜ் நோட்டின் பின்பக்கம் காலியாகக் கிடந்தது, அதில்தான் எழுதுகிறேன். கோணல் எழுத்து. அஞ்சாம் வகுப்புக் கை.

வேலை: பீடி இலை வெட்ட. அரிசி புடைக்க. உன் வாப்பா கண்ணாடிக்குக் கயிறு.

வாப்பாவுக்கு நீ செய்து கொடுத்த, சட்டைப் பையில் வைக்கிற காது மிஷின் நின்றுவிட்டது. தறிச் சத்தத்தில் போன காது. மிஷின் இல்லாவிட்டால் பள்ளிவாசலில் பாங்கு சொல்வதுகூடக் கேட்காது. சதுர பேட்டரி இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன், நீ பார்ப்பது மாதிரி. ஒன்று சுள்ளென்றது. மற்றதில் ஒன்றுமில்லை. அதை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்து ஒயர் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். ஒன்று போதாதா என்ற நினைப்பு.

காதில் மாட்டியதும் வாப்பா பிடுங்கிப் போட்டார். "கரகரன்னு அறுக்குது. நீ பேசுததுல பாதிதான் வருது." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மைனி: "கேக்கலன்னா நல்லதுதானளா. உன் ஏச்சு கேக்காம மனுசன் நிம்மதியா இருக்கட்டும்."

சிரித்துவிட்டேன். நீ போய் நாற்பதாம் நாள் ஆகுமுன் சிரித்துவிட்டேனே என்று அடுப்படியில் போய் அழுதேன்.

ஜூலை 11, வெள்ளி

நாற்பதாம் நாள். ஆற்றுப் பக்கம் மேகம், மழை இல்லை. பாத்திஹா ஓதினார்கள். நெய்ச்சோறு. உப்பு குறைவு. பெருநாளைக்கு எடுத்த உன் சுடிதார் மடிப்புக் கலையாமல் அப்படியே.

ஆஸ்பத்திரியில் கொடுத்த உன் தோள்பையை இன்றுதான் திறந்தேன். சீப்பு. பஸ் டிக்கெட். பாதி கடலை மிட்டாய். ஒரு காகிதப் பொட்டலம்: கோடு போட்ட சின்னக் குச்சி இரண்டு, இரண்டிலும் ஒரே நிறக் கோடு. உருண்டையாக மூன்று சாமான். என்னவென்று தெரியவில்லை. வாப்பாவிடம் காட்டவில்லை.

அன்று நீ ஜங்ஷன் போனது எதற்கென்றே எங்களுக்குத் தெரியாது. "இப்ப வந்துருதேன் உம்மா." திரும்பி வந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டைக் கடக்கையில் லாரி.

ஜூலை 12, சனி

ரேடியோ ரிப்பேர் அண்ணாச்சி கடை. மிஷின், பொட்டலம் இரண்டும் கொண்டுபோனேன்.

"யாரும்மா ஒரு பேட்டரியைக் கழட்டுனது?"

"நான்தான் அண்ணாச்சி."

"அதான் பாதி சத்தம். ரெண்டும் சேருத இடந்தான் நடு. சத்தம் அங்கன இருந்து மேலயும் போகணும், கீழயும் போகணும். நீங்க கீழ போற வழியை அடைச்சுட்டீங்க."

முறுக்கைப் பிரித்தார். புதுப் பேட்டரி போட்டார். பொட்டலத்தைப் பிரித்ததும் தலையை ஆட்டினார்.

"கெட்டிக்காரப் பிள்ளம்மா. ஒத்தப் பேட்டரியில ஓட்டப் பாத்திருக்கு. இந்தக் கோடு போட்ட ரெசிஸ்டர் ரெண்டும் சம அளவு. ஒரு பேட்டரியைப் பாதியாப் பிரிச்சு நடுவைக் காட்டிரும். அந்த நடு ஆடாமப் பிடிச்சுக்கிட இந்த உருண்டைக் கண்டன்சர். ரெண்டு பேட்டரியில நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்த நெனச்சுதோ?"

எதற்கென்று எனக்குத் தெரியும். நீ ஜங்ஷன் போனதற்கு முந்தின நாள் நான்தான் சொன்னேன். "வாப்பா சட்டைப் பை ரெண்டு பேட்டரி கனத்துல தொங்குது பாரு, கிழியப் போகுது. படிச்ச பிள்ளைக்கு ஒன்னுல ஓட்டத் தெரியாதாளா?" நீ சிரித்தாய். "பண்ணிருவோம் உம்மா."

"மாத்தித் தரட்டுமாம்மா?" என்றார் அண்ணாச்சி.

வேண்டாம் என்றேன். பொட்டலத்தை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். வாப்பாவுக்குக் கேட்கிறது. சாயங்கால அஸர் பாங்கு முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "பிள்ள செஞ்சதுல்லா." கொஞ்சம் கழித்து, "அன்னைக்கு எதுக்கு ஜங்ஷன் போனா? உங்கிட்டயாவது சொன்னாளா?"

இல்லை என்று தலையாட்டினேன். மிஷின் காதில் இருந்தும் வாயால் சொல்ல வரவில்லை.

அவருடைய சட்டைப் பைக்கு உள்ளே கெட்டித் துணி கொடுத்து, சுற்றி இரட்டைத் தையல் போட்டேன். இரண்டு பேட்டரியையும் வைத்துப் பார்த்தேன். தொங்கவில்லை. கால் மணி நேர வேலை.

இதை அன்றைக்கே தைத்திருந்தால் நீ வீட்டிலேயே இருந்திருப்பியா, கனிக்குட்டி?