முதுகில் கட்டிய பிள்ளை

திருவண்ணாமலை,
14.6.1979

அன்பு மகள் பொன்னிக்கு அம்மா எழுதுவது.

நலம்தானே கண்ணு? போன இரண்டு கடிதங்களுக்கும் பதில் காணோம். ஆஸ்பத்திரியில் எனக்கு இப்போது குழந்தைகள் வார்டு. தேரடித் தெருக் கடையில் ஜான்சி ராணி கதைப் புத்தகம் பார்த்தேன். பத்து வயதுப் பெண்ணுக்கு ராஜகுமாரி கதை எதற்கு, ராணி கதை படிக்கட்டும் என்று வாங்கி இத்துடன் அனுப்புகிறேன். எது பிடித்தது என்று எழுது.

ஆசையுடன்,
உன் அம்மா மணியம்மாள்

கடலூர்,
2.7.1979

அம்மாவுக்குப் பொன்னி எழுதுவது.

நலம். புத்தகம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். ராணி பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு குதிரையில் போகிற படம் பிடித்தது. அது அவள் பெற்ற பிள்ளைகூட இல்லை, தத்துப்பிள்ளை. நீங்கள் ஏன் என்னை விட்டுவிட்டுப் போனீர்கள்? அத்தையைக் கேட்டேன். "உங்கம்மாவுக்கு வேலைதான் பெரிசு"னு சொன்னாங்க. நீங்கள் சொல்லுங்கள்.

பொன்னி

திருவண்ணாமலை,
9.7.1979

கண்ணு,

'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்டால்தான் வீடு என்றார் உன் அப்பா. நர்ஸுக்குப் படித்து வாங்கிய வேலை, விட மனம் வரவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டேன். பின்னாலேயே வந்தார். "புள்ளய நான் பாத்துக்கறேன், நீ போ"ன்னு உன்னை வாங்கிக்கொண்டார். உனக்கு மூன்று வயது. அவர் தோளிலும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாய். பஸ் கிளம்பியது, ஏறிவிட்டேன். அவர்மேல் கோபப்படாதே. உன்னை நன்றாகத்தான் வளர்க்கிறார்.

இத்துடன் மேரி கியூரி புத்தகம். கணவர் இறந்த பிறகும் ஆராய்ச்சியை விடாமல் இரண்டு பெண்களை வளர்த்தவர்.

உன் அம்மா

கடலூர்,
1.8.1979

அம்மாவுக்கு,

மேரி கியூரியின் பெண்கள் அவரோடு இருந்தார்கள். இனிமேல் புத்தகம் அனுப்ப வேண்டாம். படித்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா சொல்லி எழுதவில்லை. நானேதான் எழுதுகிறேன்.

பொன்னி

திருவண்ணாமலை,
20.8.1979

அன்பு மகளுக்கு,

நீ சொன்னபடியே இனி அனுப்பமாட்டேன். இதற்குப் பதிலும் எழுத வேண்டாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி ஒரு புத்தகம் உனக்காக வாங்கி வைத்திருந்தேன். வார்டில் கீழ்பென்னாத்தூர்ப் பெண் ஒருத்தி கால் முறிந்து கிடக்கிறாள். பெயர் வள்ளி, உன் வயசுதான். அவள் அம்மா நடவு வேலை முடித்துப் பொழுது சாய்ந்துதான் வருகிறாள். அதுவரை தினம் கொஞ்சம் அந்தப் புத்தகத்தை அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

நேற்று, "உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா நர்ஸம்மா?" என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணு இருக்கா. நல்லா கேள்வி கேப்பா"ன்னேன்.

"நீங்க பதில் சொல்லுவீங்களா?"

அடுத்த கட்டிலில் வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அம்மா