பிடிக்கட்டைக்குள் இருந்த விரிசல்

டாக்டர்,

இன்று காலை தோட்டா வாங்க வந்தவர் ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் லைசென்ஸை எடுத்து வைத்தார். அவரிடமிருந்து கிராம்புத் தைல வாசம் வந்தது. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாசம். “பக்கத்துலயே நம்ம பல் டாக்டர் இருக்காருங்க” என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது.

ரைபிள் கிளப்பில் அடுத்தடுத்த மேடையில் நின்று சுட்டுப் பழகியவர்கள் நாம். மதியம் கிளினிக்கைச் சாத்திவிட்டு என் துப்பாக்கிக் கடைக்கு வந்துவிடுவீர்கள். யாராவது பழைய ரிவால்வரைக் கொண்டு வந்தால் போதும், பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி உங்கள் பையிலிருந்து வெளியே வந்துவிடும். “பல்லு மாதிரித்தானுங்க இதுவும். வெளிய ரொம்பப் பளபளன்னு இருந்துச்சுன்னா உள்ள பாக்கோணும்” என்பீர்கள்.

அன்னூர் அக்காவும் தம்பியும் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அவர்களுடைய அப்பா இறந்ததும் அவர் ரிவால்வரை என் கடையில்தான் ஒப்படைத்திருந்தார்கள். அதைத் தன் பெயருக்கு மாற்றத் தம்பி மனுப் போட்டிருந்தார். ஆட்சேபணை இல்லை என்று அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அவர் மறுத்துவிட்டார்.

“இது எங்கப்பாவுதே இல்லீங்க. அவரோடது வெளுத்துப் போயிருக்கும். இது புதுசாட்ட மின்னுது. இவன் அதை வித்துப்போட்டு வேற எதையோ கொண்டாந்து வெச்சிருக்கறான்.”

“அப்பா தோலுறையிலயே போட்டு வெச்சுத் துருப்புடிச்சுருச்சுங்க. அவருதான் ஈரோட்டுல குடுத்து பாலிஷ் போட்டாரு. சொன்னா நம்ப மாட்டேங்குது” என்றார் தம்பி, என்னைப் பார்த்து. அக்காவைப் பார்த்து அவர் பேசவே இல்லை.

லைசென்ஸில் இருந்த நம்பரும் துப்பாக்கியின் நம்பரும் ஒன்றுதான் என்று காட்டினேன். “நம்பர் அடிக்கறது பெரிய வித்தைங்களா?” என்றார் அக்கா. அவர் சந்தேகத்திலும் நியாயம் இருந்தது. கம்பெனி முத்திரையின் எழுத்துகள் ஓரம் மழுங்கிக் கிடந்தன. திருகாணித் துளைகளைச் சுற்றி இரும்பு குழிந்திருந்தது. பாலிஷ் சக்கரத்தில் அழுத்தித் தேய்த்ததன் அடையாளம் அது. மேலே இருந்த நீலப் பூச்சு கம்பெனிப் பூச்சு இல்லை. கைப்பிடியின் இரு பக்கமும் பொருத்திய மரப் பிடிக்கட்டையில் வெட்டியிருந்த கட்டங்களில் வார்னிஷ் தேங்கி நின்றது. “இது ஒரிஜினல் பூச்சு...” என்று நான் ஆரம்பித்ததும் மேஜைக்கு அடியில் என் கையை அழுத்தினீர்கள்.

பிறகு அக்காவிடம் திரும்பினீர்கள். “ஏனுங்க அம்மணி, இந்தக் கட்டை எப்பவாச்சும் அடிபட்டிருக்குதுங்களா?”

அக்கா தம்பியை ஒரு முறை பார்த்தார். “சின்னப் பிள்ளைல அப்பா தொடைச்சுட்டு இருந்தப்ப நான் எடுத்துக் கீழ போட்டுட்டேனுங்க. கீழ் மூலை தெறிச்சுப் போச்சு. அப்பா ஒட்டிப்போட்டு, ‘அம்மாகிட்டச் சொல்லாத கண்ணு’ன்னாரு. அந்தக் கோட்டைத்தானுங்க இதுல தேடித் தேடிப் பாத்தேன். காணோம்.”

திருகாணியைக் கழற்றி இரண்டு கட்டைகளையும் எடுத்துத் துணிமேல் மல்லாக்க வைத்தீர்கள். வலது கட்டையின் உட்புறத்தில் கம்பெனிக்காரர் கீறிய நம்பர் மங்கலாகத் தெரிந்தது. துப்பாக்கியில் இருந்த அதே நம்பர். கட்டை மூடியிருந்த இடத்தில் மட்டும் பழைய பூச்சு ஆழ்ந்த நீலமாக அப்படியே இருந்தது. பாலிஷ் போட்டவர் அந்த இடத்தைத் தொடவில்லை. இடது கட்டையின் கீழ் மூலையில், வெளியே வார்னிஷ் மறைத்திருந்த விரிசல், உள்ளே பழுப்புப் பசைக் கோடாக ஓடியது. சின்னக் கண்ணாடியை அக்காவிடம் கொடுத்து, விளக்கை நீங்களே பிடித்தீர்கள்.

“இது உங்கப்பாவோட துப்பாக்கிதானுங்க. கட்டை அதே கட்டை. அவரு ஒட்டுன ஒட்டு இன்னும் விடலை. மேல இருக்கற மினுமினுப்பு மட்டுந்தான் புதுசு.”

அக்கா அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார். வெகுநேரம் விரலை எடுக்கவே இல்லை. பிறகு, “எங்கிட்ட ஏன்டா இதையெல்லாம் பொறுமையாச் சொல்லலை?” என்றார். “நீ எங்கேக்கா கேட்டே?” என்றார் தம்பி. சண்டை போல ஆரம்பித்து இருவரும் அழுதார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நீங்கள் பாட்டுக்குத் திருகாணியை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். கையெழுத்து ஆனதும் இருவரும் எதிர் பேக்கரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததை வாசலில் நின்று பார்த்தோம்.

கம்பெனிப் பூச்சு போனதால் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களிடம் அதற்குப் பெரிய மதிப்பில்லை. அதையும் அன்றே தம்பியிடம் மறைக்காமல் சொன்னீர்கள், ஆனால் கடைசியாகச் சொன்னீர்கள். ஏன் என்று நான் கேட்டதற்கு, “பல்லு ஆடுதுன்னு எடுத்த எடுப்புல சொன்னா யாரும் வாயைத் தொறக்க மாட்டாங்க. நல்லா இருக்கறதை மொதல்ல எண்ணிச் சொல்லோணும்” என்றீர்கள்.

உங்கள் காரியத்துக்கு அக்காவும் தம்பியும் ஒரே காரில் வந்திருந்தார்கள், டாக்டர். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

போன வாரம் மதுக்கரையிலிருந்து ஓர் அம்மா, இறந்துபோன கணவருடைய ரிவால்வரை எடுத்து வந்தார். விற்றுவிட நினைத்திருந்தாலும், அது எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். மேலே பிற்பாடு யாரோ பூசிய நிக்கல் முலாம், கம்பெனியில் முலாம் பூசாமல் விடும் விசைக்குக்கூட. பிடிக்கட்டை மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக். நல்லதாக எதைச் சொல்வது என்று நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அகப்பட்டது.

“சிலிண்டரும் பாடியும் பிரியாத ஜோடிங்கம்மா. ரெண்டுலயும் ஒரே நம்பர். உள்ள ஒரு பாகம் மாத்தலை. உங்க வீட்டுக்காரர் நல்லா வெச்சிருந்திருக்காரு.”

அதுவரை நின்றுகொண்டே இருந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இனி மிச்சத்தைச் சொல்லுங்க. கேட்டுக்கறேனுங்க.”