அப்பா திறக்க மறுத்த அலமாரி

தியாகராய நகர்,
10-7-1996.

அன்பு மகன் வெங்கடேஷுக்கு அம்மா எழுதுவது. உன் தங்கை அனுவும் நானும் சுகம். உங்கப்பாவும் சுகம்தான், கட்டைவிரல் இரண்டும் மட்டும் வீங்கியிருக்கிறது. உன் சுகத்தை எழுது, வெறும் நூடுல்ஸில் காலம் தள்ளாதே.

விரல் வீங்கிய கதையைக் கேள். நீ ஒசாகாவிலிருந்து அனுவுக்கு அனுப்பிய கையடக்க வீடியோ கேம் இப்போது அவளிடம் இல்லை, நம் பாத்திரக்கடைக் கல்லாவில் இருக்கிறது. "சவத்த தூரப் போடு, இதுக்கா சப்பானுக்குப் போனான்" என்று திட்டிக்கொண்டே வாங்கிப் பார்த்தவர்தான். ஒரு பொடிப்பயல் மரக்கத்தியோடு ஊர் ஊராகப் போய்ப் பிசாசுகளை அடிக்கிறான் அல்லவா, அதில் விழுந்துவிட்டார். "நான் யோசிச்சு முடிக்கிற வரைக்கும் எதிராளி அடிக்காம நிக்கான் வடிவு, ரங்கநாதன் தெருவுல அப்படி ஒருத்தனக் காட்டு" என்கிறார். நத்தையையும் வௌவாலையும் அடித்து அடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் ஏறுவது, தான் டம்ளரில் ஆரம்பித்து அண்டா வரைக்கும் வந்த மாதிரியே இருக்கிறதாம். திரையில் வெளிச்சம் இல்லையென்று கடை வாசல் வெயிலில் போய் நிற்கிறார். இட்லிப்பானை விலை கேட்ட ஒரு அம்மாளிடம் "இருங்கம்மா, ஒரு பிசாசு பாக்கி இருக்கு" என்றாராம், அவள் எதிர்க்கடைக்கே போய்விட்டாள். சுவர்க்கடிகாரத்தின் செல்லையும் கழற்றி அதில் போட்டுவிட்டார், மூன்று நாளாக நம் வீட்டில் மணி பத்தே முக்கால்.

இதில் ஒரு வில்லங்கம் வந்தது. எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை, நீ தமிழில் எழுதி வைத்த தாளைத்தான் அனு வாசித்துச் சொல்வாள். அதில், யார் வீட்டுக்குள்ளும் போகலாம், பானை அலமாரி எதையும் திறந்து இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அவருக்கு வந்ததே கோபம். அவர் பூட்டி வைத்த உன் சர்டிபிகேட்டை பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு நீ சொல்லாமல் விமானம் ஏறியதிலிருந்து இரண்டு வருஷமாக உன்னோடு பேசாதவர் ஆயிற்றே. "பாத்தியா, திருட்டுப் புத்திய எழுதியே அனுப்பியிருக்கான்" என்று குதித்தார். விளையாட்டில் துறைமுகக் கதவின் சாவி ஒரு மீன்காரர் வீட்டு அலமாரியில் இருக்கிறதென்று அனு தலைப்பாடாக அடித்துக்கொண்டும் அவர் திறக்கவில்லை. பதினொரு நாள். தினமும் மீன்காரரிடம் போய் முறையாகக் கேட்டார், அந்த ஆளும் தினமும் அதே ஒரு வரியைச் சொன்னார், அது சம்மதமா வசவா என்று யாருக்குத் தெரியும்.

நேற்று மத்தியானம் "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, வேற வழி தெரியல" என்று வாய்விட்டுச் சொல்லி அலமாரியைத் திறந்தார். கப்பல் கிளம்பியது, கடையில் எல்லோருக்கும் டீ. ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவன் கேட்டிருந்தா நான் பீரோவத் திறந்திருப்பேனா வடிவு" என்றார். மாட்டீக என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மோர் ஊற்ற மறந்துவிட்டேன்.

இப்போது விளையாட்டில் ஏழு மாடிக் கோபுரம் ஒன்றில் முதல் மாடியிலேயே வழி தெரியாமல் சுற்றுகிறார். அனுவுக்கு வழி தெரியும், தெரியாது என்று சொல்லச் சொல்லி நான்தான் கிள்ளி வைத்திருக்கிறேன். இன்று காலை தாமாகவே "அவங்கிட்டதான் கேக்கணும் போல" என்றார். உடனே போன் பூத்துக்குக் கிளம்பியவரை, ஆடிப் பதினெட்டு அன்று கூப்பிடுங்கள், நல்ல காரியம் நல்ல நாளில் தொடங்கட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். அதற்குள் இந்தக் கடிதம் உனக்கு வந்துவிடும். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, உனக்கு ஒன்பதரை, எங்கேயும் போகாமல் இரு. பீரோ பேச்சை நீயாக எடுக்காதே, அவர் விளையாட்டைப் பற்றித்தான் கேட்பார், அதற்கு மட்டும் மரியாதையாகப் பதில் சொல்லு.

மழையில் நனையாதே. செந்தூர் முருகன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பான். ஒன்று மட்டும் மறக்காதே ஐயா, கோபுரத்துக்கு வழியை ஒரேயடியாகக் கொட்டிவிடாதே. ஒரு போனுக்கு ஒரு மாடி போதும்.

உன் அம்மா,
சு. சண்முகவடிவு